‘வேண்டாம்’ என்று சொன்ன ஆறாவது அமர்வு: விபத்தின் அதிர்ச்சியிலிருந்து மீள யோக சிகிச்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக வயது, வேலை, விபத்து பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

அவருக்கு அப்போது 42 வயது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். என்னிடம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவுப் பயணத்தில் அவர் இருந்த கார் உருண்டு தலைகீழாகக் கிடந்தது. சீட் பெல்ட் உடலை இறுக்கிப் பிடித்திருக்க, ஏறக்குறைய நாற்பது நிமிடம் அவர் தொங்கிக்கொண்டே இருந்தார். பெல்ட்டை அறுத்து வெளியே எடுப்பதற்குள் பக்கத்து இருக்கையில் இருந்த சக ஊழியர் இறந்துபோயிருந்தார். இவருக்கு தோள்பட்டை எலும்பில் முறிவு. அது மூன்று மாதத்தில் கூடிவிட்டது.

மற்றது கூடவில்லை. இரவில் தொடர்ந்து ஒன்றரை மணி நேரம்கூடத் தூங்க முடியாது. யாராவது கதவைச் சாத்தினால் உடம்பே தூக்கிப் போடும். காரில் ஏறுவதை அடியோடு விட்டுவிட்டார். இறுக்கமான உடை, தோளில் மாட்டும் பை, கழுத்தைச் சுற்றும் துணி எதுவும் ஆகாது. சில மாலைகளில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் போயிருக்கும், எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. மனநல மருத்துவர் இதை பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று கண்டறிந்து செர்ட்ராலின் மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரையால் பதற்றத்தின் உச்சம் கொஞ்சம் தணிந்தது. பேச்சு வழிச் சிகிச்சையை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் நான்காவது அமர்வோடு நிறுத்திவிட்டார். அந்த இரவைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே தொண்டையை யாரோ பிடித்துக்கொண்டதுபோல் அடைத்துக்கொள்ளும் என்றார்.

அந்த மருத்துவர்தான் யோக சிகிச்சையாளரான என்னிடம் அனுப்பினார். அனுப்பும்போது அவர் தெளிவாகச் சொன்னது: இது பேச்சுச் சிகிச்சைக்கு மாற்று அல்ல, அதைத் தாங்கும் அளவுக்கு உடம்பைத் தயார் செய்ய முடியுமா என்று பாருங்கள். இந்த வேலையில் இவ்வளவு தெளிவான பரிந்துரை எப்போதாவதுதான் கிடைக்கும். கடைசி வரை நாங்கள் இருவரும் ஒரே குறிக்கோளோடு வேலை செய்ய அதுவே காரணம்.

தொடக்கத்தில் மருத்துவர் எடுத்த பி.சி.எல்-5 மதிப்பெண் 58. அது பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும், 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33 வரை வந்தாலே பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்று மேற்கொண்டு ஆராய்வார்கள். அதை வைத்துப் பார்த்தால் 58 எவ்வளவு கடுமையானது என்று புரியும்.

என் பங்குக்கு நான் பார்த்தது உடம்பை. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு கையும் இருக்கையின் விளிம்பைப் பற்றியிருந்தன. “பாதம் தரையில் படுவது தெரிகிறதா?” என்று கேட்டேன். குனிந்து காலைப் பார்த்துவிட்டு, “பட்டுக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா தெரியல மேடம்” என்றார். கண் பார்த்துச் சொன்ன பதில் அது, பாதம் உணர்ந்து சொன்னதல்ல. உடம்பின் ஒரு பகுதி இல்லாததுபோல் ஆகிவிடுவதைப் பெரிய அதிர்ச்சியிலிருந்து வருகிறவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

விபத்தைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருத்துவர் குறிப்பில் இருந்த இரண்டு வரி மட்டும்தான் எனக்குத் தெரியும். கதை கேட்பது யோக சிகிச்சையாளரின் வேலை இல்லை. கேட்டால் திறந்துகொள்வதை மூடத் தெரியாதவர் கேட்கவே கூடாது. ஆனால் கதையைக் கேட்காமல் இருப்பதற்கும் எதையுமே கேட்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை மூன்றாவது வாரம் எனக்குக் காட்டியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உடம்பு வழியாக ஏன்?

ஆபத்து வரும்போது மூளையின் எச்சரிக்கை மையமான அமிக்டலா, நாம் யோசித்து முடிப்பதற்குள் உடம்பை உசுப்பிவிடுகிறது. இதயம் வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன, அட்ரினலின் பாய்கிறது. சண்டை போடு, இல்லையென்றால் ஓடு என்பதற்கான ஏற்பாடு இது. இரண்டும் முடியாதபோது மூன்றாவது வழியாக உடம்பு உறைந்துபோகிறது. இவர் பெல்ட்டில் மாட்டித் தொங்கியவர். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. ஓடுவதற்காகத் திரண்ட அத்தனை வேகமும் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. ஆபத்து முடிந்து மூன்று வருடம் ஆகியும் உடம்பு மட்டும் இன்னும் அந்த நாற்பது நிமிடத்துக்குள்ளேயே இருந்தது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பேச்சு ஏன் அடைபடுகிறது என்பதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. 1996-இல் வந்த ஒரு மூளைப் படமெடுப்பு ஆய்வில், பி.டி.எஸ்.டி. உள்ள எட்டுப் பேருக்கு அவர்களுடைய சொந்த அனுபவத்தையே திரும்பப் படித்துக் காட்டினார்கள். உணர்ச்சி தொடர்பான பகுதிகள் கூடுதலாக இயங்க, சொற்களை உருவாக்க உதவும் இடப்பக்க ‘புரோக்கா’ பகுதியின் இயக்கம் குறைந்தது. எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது. ஆனாலும் “சொல்ல வருது, சொல்ல முடியல” என்பவர்களை, மறைக்கிறார்கள் என்றோ ஒத்துழைக்க மறுக்கிறார்கள் என்றோ நினைப்பது எவ்வளவு அநியாயம் என்று அது எனக்குப் புரியவைத்தது.

சொல் வழி அடைபட்டிருக்கும்போது உடம்பின் வழி திறந்திருக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை, அதாவது இதயத் துடிப்பு, வயிற்றின் இறுக்கம், பாதத்தின் கனம் ஆகியவற்றை உணரும் திறனை அகவுணர்வு என்கிறார்கள். மூளையின் இன்சுலா பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. அதிர்ச்சிக்குப் பிறகு இந்த உணர்வு சிலரிடம் மங்கிவிடுகிறது, சிலரிடம் தாங்க முடியாத அளவுக்குக் கூடிவிடுகிறது. யோகப் பயிற்சி இதைச் சின்னச் சின்ன அளவில், அவரவர் கட்டுப்பாட்டுக்குள் திரும்பப் பழக்குகிறது. கூடவே மூச்சுக்கும் இதயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகிறது, வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாகத் தணிகிறது. அதனால்தான் வெளிமூச்சை நீட்டினால் அமைதி வரும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறோம். பெரும்பாலோருக்கு அது உண்மைதான்.

கட்டளையிலிருந்து ‘லாம்’ வரை

வழக்கமான யோகா வகுப்பு அதிர்ச்சிக்கு உள்ளானவரைக் காயப்படுத்தக்கூடும். நான் பல ஆண்டு நடத்திய வகுப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். “கண்ணை மூடுங்கள். கையைத் தூக்குங்கள். இழுங்கள், நிறுத்துங்கள், விடுங்கள். உடம்பைத் தளர்த்துங்கள்.” எல்லாமே கட்டளை. தன் உடம்புக்கு நடந்ததில் தனக்கு எந்தப் பங்கும் இல்லாமல் போன ஒருவருக்கு, இன்னொருவர் சொன்னபடி உடம்பை அசைப்பது மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தப்படுவதுதான். அதிலும் ‘தளர்த்துங்கள்’ என்பது கடுமையான சொல். இறுக்கம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று நம்பும் உடம்பிடம் அதைக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2000-களின் தொடக்கத்தில் யோகா ஆசிரியர் டேவிட் எமர்சனும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய, அதிர்ச்சியை உணர்ந்து நடத்தும் யோகா முறை இதைத்தான் மாற்றியது. கட்டளைக்குப் பதில் அழைப்பு. எதிலும் இரண்டு மூன்று வழி, எதுவுமே செய்யாமல் இருப்பதும் அதில் ஒரு வழி. ஆசிரியர் தொட்டுத் திருத்துவது கிடையாது. ஆசனம் சரியாக வருகிறதா என்பது பொருட்டே இல்லை, உள்ளே என்ன தெரிகிறது என்பதில்தான் கவனம்.

தமிழில் இதைச் செய்வது எளிது என்று எனக்குத் தோன்றும். வினைச்சொல்லின் முடிவை மாற்றினால் போதும். ‘உயர்த்துங்கள்’ என்பதை ‘உயர்த்திப் பார்க்கலாம்’ என்று சொன்னாலே அறையின் காற்று மாறுகிறது. ஆனால் வாய்க்குப் பழக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ‘லாம்’ போட்டுவிட்டு, அப்புறம் அவர் செய்கிறாரா என்று கண்ணால் காத்திருந்தால் அது கட்டளைதான். அவர் செய்யாவிட்டாலும் எனக்கு உண்மையிலேயே சரி என்ற இடத்துக்கு முதலில் நான் வர வேண்டியிருந்தது.

அமர்வுகள்

வாரம் ஒரு முறை, 50 நிமிடம், பன்னிரண்டு வாரம் என்று திட்டமிட்டோம். அறையில் இசை இல்லை, ஊதுவத்தி இல்லை, விளக்கைக் குறைப்பதும் இல்லை. அவர் எங்கே உட்கார்ந்தாலும் வாசல் கண்ணில் படும்படி இடம் விட்டேன். முதல் நாள் உள்ளே வந்ததும் அவர் பார்வை சுவரில் போய் நின்றது. ஆசனங்களுக்கு உதவியாக வைத்திருக்கும் துணிப் பட்டைகள் அங்கே வரிசையாகத் தொங்கின. கொக்கி வைத்த பெல்ட்டுகள். அந்த வரிசையை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அன்றுதான் அது என்னவென்று கண்ணில் பட்டது. அவற்றை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்த ஒரு கை கீழே இறங்கியது.

முதல் இரண்டு வாரம் நாற்காலியில்தான். பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்ப்பது, விடுவது. விரல்களை மடக்கி விரிப்பது. கழுத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவரே முடிவு செய்வது. தலை கீழே போகும் எந்த ஆசனமும் இல்லை, படுப்பதும் இல்லை. விபத்தின் வடிவம் தெரிந்திருந்ததால் அந்த அளவுக்கு யோசித்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் மூச்சுக்கு வந்தேன். இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீட்டிப் பார்க்கலாம், கண் திறந்தே இருக்கட்டும் என்றேன். துணையாக இருக்கட்டும் என்று நானும் கூடவே, அவருக்குக் கேட்கும்படி, மெல்ல நீளமாக மூச்சை விட்டேன். நான்கைந்து சுற்று. அவர் முகம் அப்படியே அமைதியானது. தோள் இறங்கியது. அசைவே இல்லை. நல்ல தளர்வு வந்துவிட்டது என்று நினைத்தேன். அரை நிமிடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அவர் கண் இமைக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

அது அமைதி இல்லை. அவர் அந்த அறையிலேயே இல்லை. உறைநிலை வெளியிலிருந்து பார்க்க ஆழ்ந்த ஓய்வு மாதிரியே இருக்கும். இந்த வேலைக்கு வருகிற எவரும் இந்த ஒன்றை முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொடவில்லை. சாதாரணமாகப் பேசும் குரலில் அவர் பெயரைச் சொன்னேன். இன்றைக்கு என்ன கிழமை, எந்த அறையில் இருக்கிறோம் என்று சொன்னேன். ஜன்னலைத் திறந்தேன். பாதத்தை அழுத்த முடியுமா, கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள்களைச் சொல்ல முடியுமா என்று இடைவெளி விட்டு விட்டுக் கேட்டேன். முதலில் ‘கதவு’ என்றார். அது வருவதற்கே வெகுநேரம் ஆயிற்று. கை சில்லிட்டிருந்தது என்று பிறகு அவரே சொன்னார். முழுதாகத் திரும்பி வர இருபது நிமிடம் பிடித்தது. அவர் அனுமதியோடு அன்றே மருத்துவரிடம் பேசினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசலைப் பார்த்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பக்கத்து இருக்கையிலிருந்து அந்த மூச்சுச் சத்தம் நீண்டு நீண்டு வந்து, ஒரு கட்டத்தில் வரவில்லை.

அதை அவர் தெரிந்தே என்னிடம் மறைத்ததில்லை. நான்தான் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டிருக்கத் தேவையில்லை. “எந்தச் சத்தம் உங்களுக்குக் கஷ்டம்? எந்த நிலை, எந்த வாசனை, எந்த வெளிச்சம்? தெரிந்தால் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம்” என்று கேட்டிருக்கலாம். கதைக்குள் போகாமலே இந்த நான்கு கேள்விக்கும் பதில் வாங்கலாம். இப்போது என் முதல் சந்திப்புப் படிவத்தில் அவை இருக்கின்றன.

மூச்சுப் பயிற்சியை முழுவதும் ஒதுக்கிவைத்தோம். மூச்சு என்ற சொல்லையே விட்டுவிட்டேன். யோக சிகிச்சையில் மூச்சை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று எனக்கே ஒரு பயம் இருந்தது. மிஞ்சியது நிறைய. சுவரின் முன் நின்று இரண்டு உள்ளங்கையாலும் தள்ளிப் பார்த்தார். அந்த இரவில் எதையும் தள்ள முடியாத கைகள் அவை. முதலில் சும்மா வைத்தார், பிறகு உண்மையாகவே தள்ளினார். தொடை நடுங்கியது. “நிறுத்தணுமா?” என்றேன். “இல்ல, இது நல்லாருக்கு” என்றார். உடம்பில் தெரிவதைப் பற்றிப் பேசும்போது ‘நல்லாருக்கு’ என்ற சொல் முதல் தடவையாக வந்தது அப்போதுதான். அந்த வாரங்களில் நேராக நிற்கும் தாடாசனமும், இரண்டு கையையும் விரித்து நிற்கும் வீரபத்ராசனமும் அவருக்குப் பிடித்தவை ஆயின. கால் பரந்து ஊன்றியிருக்கும், முதுகு சுவர் பக்கம், பார்வை வாசலில். ஒருநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, செருப்பைப் போட்டவர் நின்று, “தரை தெரியுது அக்கா” என்றார். ‘மேடம்’ ‘அக்கா’ ஆனது எந்த வாரம் என்று என் குறிப்பில் இல்லை.

ஆறாவது அமர்வு. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து பாதி குனிந்து பார்க்கலாம், நின்றபடியே இருக்கலாம், உட்கார்ந்தும் கொள்ளலாம் என்றேன். தலை இடுப்புக்குக் கீழே போகாத நிலைதான். அவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வேண்டாம்.”

குரல் நடுங்கியது. சரி என்றேன். சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். நான் ஏன் என்று கேட்பேன் என்றோ, கொஞ்சம் முயற்சி செய்து பாருங்கள் என்பேன் என்றோ எதிர்பார்த்திருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, “கோவம் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு அவர் உட்கார்ந்து அழுதார். மீதி நேரம் முழுக்க நாங்கள் ஓர் ஆசனமும் செய்யவில்லை. பன்னிரண்டு அமர்வில் எது சிறந்தது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதுவரை நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டியிருந்தார். அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். மறுக்க முடியாதவரின் சம்மதத்தை வைத்துக்கொண்டு எந்தச் சிகிச்சையும் நடத்த முடியாது என்பதை அன்று உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த வாரம் மருத்துவர் எடுத்த மதிப்பெண் 51. 10 புள்ளியாவது குறைந்தால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள், இது 7 மட்டுமே. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்போம். மருத்துவரிடம் அந்த ‘வேண்டாம்’ பற்றிச் சொன்னேன். “தொடருங்கள்” என்றார்.

ஏழாவதும் எட்டாவதும் அதே பயிற்சிகள்தான், அவரே வரிசையை மாற்றிக்கொண்டார். ஒன்பதாவதில் எதிர்பாராதது நடந்தது. சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தவர் தன்னையறியாமல் வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று முனகினார். வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரி என்று நாம் சொல்லிக்கொடுப்பதன் மிக எளிய வடிவம் அது. நான் சொல்லித்தரவில்லை. தொண்டையில் அதிர்வு தெரிகிறது என்றார், மறுபடி செய்து பார்த்தார். ரீங்காரம் செய்யும்போது வெளிமூச்சு தானாக நீளும். ஆனால் கேட்பது மூச்சின் சத்தம் அல்ல, தன் குரல். அவரைத் தூக்கிவாரிப்போடும் அந்த ஒலி இதில் இல்லை. நான் மூன்றாவது வாரம் முன்வாசல் வழியாகக் கொண்டுபோகப் பார்த்ததை அவர் உடம்பு வேறு வழியாகத் தானே கண்டெடுத்துக்கொண்டது. அந்த அமர்விலிருந்து தினமும் காலையில் ஐந்து நிமிடம் ரீங்காரம் செய்யத் தொடங்கினார். விரல்களால் காதையும் கண்ணையும் மூடும் முறையை நான் சொல்லவே இல்லை.

பன்னிரண்டாவது அமர்வின்போது மதிப்பெண் 39. தொடர்ந்து மூன்று, மூன்றரை மணி நேரம் தூங்கினார்.

பிறகு

நான்காவது மாதம் அவர் உளவியலாளரிடம் திரும்பிப் போனார். இந்த முறை நான்காவது அமர்வைத் தாண்டினார். தொண்டை அடைக்கும்போது நிறுத்தி, பாதத்தை அழுத்தி, ரீங்காரம் செய்துவிட்டு மறுபடி பேசுவாராம். ‘இப்போது போதும்’ என்று சொல்லவும் செய்தாராம். அந்த இரவின் முழுக் கதையையும் அவர் அங்கேதான் சொன்னார். எனக்கு இன்றுவரை அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் தெரியும். என்னோடு மாதம் இரண்டு அமர்வு தொடர்ந்தது. ஒன்பதாவது மாதம் மதிப்பெண் 24. மாத்திரையை மருத்துவர் இன்னும் நிறுத்தவில்லை, நிறுத்துவதைப் பற்றி அவர்தான் முடிவு செய்வார்.

இதில் எவ்வளவு யோகாவால், எவ்வளவு மருந்தால், எவ்வளவு பேச்சுச் சிகிச்சையால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 39-லிருந்து 24-க்கு வந்தது பெரும்பாலும் பேச்சுச் சிகிச்சையின் பலன் என்பதே என் கணிப்பு. ஒருவரை வைத்து எழுதும் ஆய்வுக்கு அந்த எல்லை உண்டு. பெரிய ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2014-இல் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மற்ற சிகிச்சைகளுக்கு வசப்படாத நாள்பட்ட பி.டி.எஸ்.டி. உள்ள 64 பெண்கள் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் அதிர்ச்சியை உணர்ந்து நடத்தும் யோகா, இன்னொரு பிரிவுக்கு உடல்நலக் கல்வி வகுப்பு, பத்து வாரம். முடிவில் யோகா பிரிவில் 31 பேரில் 16 பேருக்கு பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் நிலை இல்லை. மற்ற பிரிவில் 29 பேரில் 6 பேர். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. முதல் பாதியில் இரண்டு பிரிவுமே முன்னேறின. கல்வி வகுப்பில் இருந்தவர்கள் பிறகு சரிந்தார்கள், யோகா பிரிவினர் பெற்றதைத் தக்கவைத்தார்கள். யாரோ அக்கறையோடு கூப்பிட்டு உட்காரவைப்பதே முதலில் ஒரு தெம்பைத் தருகிறது. அதைத் தாண்டி நிலைப்பதற்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

2004 ஆழிப்பேரலையில் தப்பி முகாம்களில் இருந்த 183 பேரிடம் மூச்சுப் பயிற்சியை மையமாக வைத்து ஓர் ஆய்வு நடந்து 2010-இல் வெளியானது. ஆறு வாரத்தில், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. அங்கே மூச்சு மருந்தாக வேலை செய்தது, என்னிடம் வந்தவருக்கு மூச்சே காயமாக இருந்தது. இரண்டும் உண்மை. முகாம்வாரியாகப் பிரித்தார்களே தவிர, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2023-இல் வந்த இன்னோர் ஆய்வு, ராணுவத்தில் பணியாற்றியபோது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் செய்தது. இதே யோகா முறையை, முன்னணிச் சிகிச்சையாகக் கருதப்படும் ஒரு பேச்சுச் சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பலன் ஏறக்குறைய சமமாக இருந்தது. கடைசி வரை முடித்தவர்கள் யோகா பக்கம் அதிகம். நான்காவது அமர்வோடு இரண்டு முறை எழுந்துபோனவரைப் பார்த்த எனக்கு அந்தக் கடைசிச் செய்தி ஆச்சரியமாக இல்லை. ஆனாலும் மருத்துவ வழிகாட்டு நெறிகளில் முதல் இடம் அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சைக்குத்தான். ‘யோகா போதும், மருத்துவர் எதற்கு’ என்று சொல்லும் யாரிடமும் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வேலையைச் செய்ய நினைக்கும் யோகா ஆசிரியர்களுக்கு இன்னும் சில. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளும் மூச்சை அடக்கும் கும்பகமும் இவர்களுக்குப் பீதியைக் கிளப்பக்கூடும், தொடக்கத்தில் அறவே வேண்டாம். கண்ணை மூடச் சொல்ல வேண்டாம். மல்லாந்து படுக்கும் சவாசனம் கட்டாயம் அல்ல. பின்னால் போய் நிற்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு தோளைத் தொட்டுச் சரிசெய்யும் அந்தக் கையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் இருப்பவர், அடிக்கடி நினைவு தப்பி விலகிப்போகிறவர், இல்லாத குரல் கேட்கிறவர் வந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், உடனே அனுப்புங்கள். நானும் தனியாக இருந்திருந்தால் அந்த மூன்றாவது வாரத்துக்குப் பிறகு இவரை இழந்திருப்பேன். அன்று மாலையே பேச ஒரு மருத்துவர் இருந்தார்.

பதினோராவது மாதம் அவர் காரில் வந்தார். அவருடைய தம்பி ஓட்டினார், இவர் பின்னிருக்கையில், ஜன்னல் முழுக்கத் திறந்து. பெல்ட் போட்டிருந்தார். கொக்கியின் மேல் கை வைத்தபடியே வந்தாராம். வழியில் இரண்டு முறை நிறுத்தச் சொல்லி, தானே கழற்றி, இறங்கி நின்று, மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்றைய அமர்வின் கடைசியில் படுத்துப் பார்க்க விரும்பினார். மல்லாந்து படுப்பது இன்னும் முடியாது. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணையோடு, கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தபடி நான்கு நிமிடம் படுத்திருந்தார். நான் அறையின் மறுபக்கம், அவர் பார்வையில் படும்படி உட்கார்ந்திருந்தேன், சத்தமில்லாமல் மூச்சுவிட்டபடி. பிறகு எழுந்து, “இன்னிக்கு இது போதும் அக்கா” என்றார்.